காணி விலை இறங்காது, ஆனால் வாங்குபவர் எங்கே?

"காணி விலை ஒருபோதும் இறங்காது" என்ற வாக்கியத்தை நம்மவர்கள் ஒரு பழமொழியைப் போல வழங்கி வருகின்றனர். அதற்கு ஆதாரம் கேட்பவர் எவருமில்லை. தரகர் சொல்கிறார், உறுதி எழுதும் நொத்தாரிசு சொல்கிறார், கனடாவிலிருந்து தொலைபேசியில் மைத்துனர் சொல்கிறார். கேட்பவர் தலையசைக்கிறார். பத்திரிகைத் துறையில் காலத்தைக் கழித்தவன் என்ற முறையில், ஞாயிறு இதழ்களின் சிறுவிளம்பரப் பக்கங்களை முதற் பக்கத்தைப் போலவே கவனமாக வாசிக்கும் பழக்கம் எனக்குண்டு. அப்பக்கங்களில் ஒரே காணி, ஒரே தொலைபேசி இலக்கத்துடன், மாதக்கணக்கில் திரும்பத் திரும்ப வெளிவருவதைக் காணலாம். விலை இறங்கவில்லை என்பது உண்மைதான். விளம்பரத்தில் விலை அப்படியே இருக்கிறது. காணியும் அப்படியே இருக்கிறது.

அண்மைக் காலத்தில் என்னிடம் ஆலோசனை கேட்டு வந்தவர்களுள் மூன்று வகையினர் உளர். ஊழியர் சேமலாப நிதியும் பணிக்கொடையும் கைக்கு வந்து, அதை என்ன செய்வதென்று தடுமாறும் ஓய்வுபெற்றோர் ஒரு வகையினர். மத்திய கிழக்கிலோ ஐரோப்பாவிலோ உழைத்த பணத்தை ஊரில் போட நினைப்போர் இன்னொரு வகையினர். கணினித் துறையில் நல்ல சம்பளம் பெறும் இளைஞர்கள் மூன்றாவது வகையினர். மூவரும் முன்னர் ஒரு காணியேனும் வாங்கியவர்கள் அல்லர். மூவருக்கும் பொதுவான எதிர்பார்ப்பு ஒன்றுண்டு. ஒரு காணியை அல்லது தொடர்மாடி வீட்டை வாங்கினால் ஐந்தாறு ஆண்டுகளில் அது இரண்டு மடங்காகும், இடையில் வாடகையும் வரும், வேண்டிய நேரத்தில் விற்றுக் காசாக்கலாம் என்பதே அது. இம்மூன்றும் ஒருசேரக் கைகூடிய ஒருவரைக் காண்பது அரிது. குடியிருக்க வீடு வாங்குவது பற்றி நான் இங்கு பேசவில்லை. முதலீடு என்ற பெயரில் முதன்முதலாகக் காணி வாங்குபவர் எதை எதிர்பார்க்கலாம், எதை எதிர்பார்க்கக் கூடாது என்பது பற்றியே பேச விரும்புகிறேன்.

நம்மவர்கள் காணியை நம்புவதற்குத் தக்க காரணங்கள் இருக்கவே செய்கின்றன. அதை நகைப்பதற்கில்லை. 1983 இல் கடையும் சரக்கும் எரிந்தவர்களுக்கு எரியாமல் எஞ்சியது நிலம். இடப்பெயர்வுகளின்போது பலரும் முதலில் எடுத்த பை, உறுதிகள் வைத்த பைதான். அதிக வட்டி தருவதாகச் சொல்லிப் பொதுமக்களிடம் பணம் திரட்டிய நிறுவனங்கள் 2008 இலும் அதற்குப் பின்னரும் விழுந்தபோது, தம் வாழ்நாள் சேமிப்பை இழந்தவர்களின் செய்திகளை எழுதியவர்கள் நாங்கள். 2022 இல் ரூபாவே விழுந்தது. ஆகவே "வங்கியிலுள்ள பணம் கரையும், காணி கரையாது" என்பது அனுபவத்தின் பேச்சு. எனினும் கரையாத பொருள் வேறு, வளரும் பொருள் வேறு. இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்ளும் இடத்தில்தான் புதியவர் தடுக்கி விழுகிறார்.

கணக்கைப் பார்ப்போம். 2012 ஆம் ஆண்டின் இறுதியில் ஒரு அமெரிக்க டொலர் ஏறத்தாழ 127 ரூபாவாக இருந்தது. 2022 இறுதியில் அது ஏறத்தாழ 363 ரூபா. 2012 இல் ஒரு கோடி ரூபாவுக்கு வாங்கிய காணியொன்று பத்தாண்டில் மூன்று கோடியானது என்று வைத்துக்கொள்வோம். அப்படியொருவர் நம் தெருவில் இருந்தால் அவரைப் பற்றி ஊரே பேசும். ஆனால் வாங்கும்போது அந்த ஒரு கோடி சுமார் 78,700 டொலர். விற்கும்போது அந்த மூன்று கோடி சுமார் 82,600 டொலர். பத்தாண்டுகளில் மூன்று மடங்கு என்று மார்தட்டியது, டொலரில் நூற்றுக்கு ஐந்து. ஆண்டுக்கு அல்ல, பத்தாண்டுக்கும் சேர்த்து. வெளிநாட்டிலிருந்து பணம் அனுப்பிக் காணி வாங்குவோர் இந்தக் கணக்கைத் தம் சுவரில் எழுதி வைத்தாலும் தகும். காணி அவரைக் காப்பாற்றியது, அதை மறுக்கவில்லை. அந்த ஒரு கோடியை வட்டியில்லாமல் வைத்திருந்தால் அது 27,500 டொலராகச் சுருங்கியிருக்கும். காத்ததைச் சம்பாத்தியம் என்று எண்ணுவதில்தான் பிழை இருக்கிறது.

2022 ஆம் ஆண்டையே எடுத்துக்கொள்ளுங்கள். அவ்வாண்டு செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் 69.8 வீதம். மத்திய வங்கி வெளியிடும் கொழும்பு மாவட்டக் காணி மதிப்பீட்டுக் குறிகாட்டியும் அக்காலத்தில் ஏறியே இருந்தது. ஆனால் பணவீக்கத்தின் வேகத்தை அது நெருங்கவில்லை. அதாவது, காணி விலை ஏறிக்கொண்டே உண்மைப் பெறுமதியில் இறங்கியது. விலை இறங்காது என்று சொன்னவர் பொய் சொல்லவில்லை. அரிசியின் விலையை அவர் பார்க்கவில்லை, அவ்வளவே.

"பத்து ஆண்டில் இரண்டு மடங்கு" என்பது காதுக்கு இனியது. கூட்டுவட்டிக் கணக்கில் அது ஆண்டுக்கு 7.2 வீதம் மட்டுமே. அதுவும் செலவுகள் கழிக்கப்படாத வீதம். 50 இலட்சத்துக்கு ஒரு துண்டு வாங்குவதாகக் கொள்வோம். முதல் ஒரு இலட்சத்துக்கு 3 வீதமும் எஞ்சியதற்கு 4 வீதமும் முத்திரைத் தீர்வை. அது மட்டும் 1,99,000 ரூபா. நொத்தாரிசின் கட்டணம், நில அளவையாளரின் படம், பதிவகத்தில் தேடற் செலவு எல்லாம் சேர்ந்தால் மூன்று இலட்சம் போயிற்று. பத்தாண்டுகள் வேலி, துப்புரவு, சபைக்குக் கட்டும் வரி என்று இன்னொரு மூன்று இலட்சம். ஒரு கோடிக்கு விற்கும்போது தரகருக்கு நூற்றுக்கு மூன்று கொடுத்தால் அது மூன்று இலட்சம். 2018 ஏப்ரலில் மூலதன ஆதாய வரி 10 வீதமாகத் திரும்பி வந்தது. 2025 இல் அதுவும் உயர்ந்தது. அதற்கு ஆறேழு இலட்சம் ஒதுக்க வேண்டும். இவற்றையெல்லாம் கழித்துப் பார்த்தால் "இரட்டிப்பு" என்பது ஆண்டுக்கு ஐந்து வீதத்தை ஒட்டி வந்து நிற்கும். அரச வங்கியின் நிலையான வைப்பு பல ஆண்டுகளில் இதைவிடக் கூடுதலாகத் தந்திருக்கிறது; 2022 இன் பிற்பகுதியில் திறைசேரி உண்டியல்களின் வட்டி 30 வீதத்தையும் தாண்டியது. வைப்புக்கு வேலி அடைக்க வேண்டியதில்லை என்பதையும் நினைவிற் கொள்க.

இனி வாடகை. வெள்ளவத்தையில் தொடர்மாடிகள் எழுந்த கதையை அறியாதவர் இல்லை. யுத்தத்தால் வடக்கு கிழக்கிலிருந்து வந்தவர்களின் தேவையும் வெளிநாட்டுப் பணமும் சேர்ந்து காலி வீதியின் இருமருங்கிலுமுள்ள ஒழுங்கைகளை மாடிகளால் நிரப்பின. அன்று வாங்கியவர்கள் குடியிருக்க வாங்கினார்கள். இன்று புதியவர் வாடகைக்கு விட வாங்குகிறார். மூன்று கோடிக்கு ஒரு வீடு, மாதம் 1,20,000 ரூபா வாடகை என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 14,40,000; முதலுக்கு 4.8 வீதம். ஒரு குடியிருப்பாளர் போய் இன்னொருவர் வருமுன் ஒரு மாதம் வெறுமையாகக் கிடக்கும். வர்ணம் பூச வேண்டும். குளியலறைக் குழாய் கசியும், கீழ்வீட்டுக்காரர் கோபத்துடன் கதவைத் தட்டுவார். மின்தூக்கிக்கும் காவலாளிக்குமான பராமரிப்புக் கட்டணம், மாநகர சபையின் ஆதன வரி ஆகியனவும் உண்டு. நான்கு வீதம் கையில் நின்றால் நல்லது. மாத வாடகை ஒரு இலட்சத்தைத் தாண்டினால் நிறுவனக் குடியிருப்பாளர் 10 வீதத்தை வரியாகப் பிடித்துக்கொண்டே தருவார். 2023 ஜனவரி முதல் இந்நடைமுறை வந்தது. வருமான வரிக் கணக்கில் அதைக் காட்டிச் சரிசெய்யலாம். ஆனால் வரிக் கணக்கு என்ற சொல்லையே புதிய முதலீட்டாளர் பலர் அப்போதுதான் முதன்முதலாகக் கேட்கின்றனர்.

இந்த நான்கு வீதத்தை வைத்துக்கொண்டு வங்கிக் கடனை அடைக்கலாம் என்று எண்ணுவோரைப் பார்க்கும்போது எனக்கு அச்சமாக இருக்கிறது. "வாடகையே கடனைக் கட்டும்" என்பது ஆங்கிலப் புத்தகங்களிலிருந்து இங்கு வந்து சேர்ந்த பேச்சு. வட்டி நான்கு ஐந்து வீதமாக இருக்கும் நாடுகளில் அது ஓரளவு பொருந்தலாம். இலங்கையில் 2021 இல் ஒற்றை இலக்க வட்டியில் வீட்டுக் கடன் கிடைத்தது. அதை நிரந்தரம் என்று நம்பியோர் பலர். 2022 ஏப்ரலில் மத்திய வங்கி ஒரே நாளில் கொள்கை வட்டியை 7 சதவீதப் புள்ளிகள் உயர்த்தியது. ஒரு கோடி ரூபாவை 20 ஆண்டுகளுக்கு 9 வீதத்தில் எடுத்தால் மாதத் தவணை சுமார் 90,000 ரூபா. அதே கடன் 24 வீதத்தில் இரண்டு இலட்சத்தைத் தாண்டும். வாடகைக்கு இருப்பவரிடம் சென்று, வட்டி கூடிவிட்டது, வாடகையையும் இரட்டிப்பாக்குங்கள் என்று கேட்க முடியுமா? அவரும் அதே ஆண்டில் எரிவாயு வரிசையில் நின்றவர்தான்.

அக்காலத்தில் நண்பர் ஒருவர் தம் தொடர்மாடி வீட்டை விற்க முனைந்தார். தாயாரின் சத்திரசிகிச்சைக்குப் பணம் தேவைப்பட்டது. விலை சொன்னார், பார்க்க வந்தவர்கள் இருவர். ஒருவர் பாதி விலை கேட்டார். மற்றவர் முழு விலைக்கும் ஒப்புக்கொண்டார், ஆனால் அவருடைய வங்கி கடன் வழங்குவதை நிறுத்தியிருந்தது. நண்பர் ஈற்றில் நகையை அடகு வைத்தார். அந்த வீட்டின் பெறுமதி அன்றும் கோடிகளில்தான் இருந்தது. மருத்துவமனையின் காசாளருக்கு அந்தப் பெறுமதியால் பயனில்லை. நல்ல காலத்திலும் ஒரு காணி விற்றுக் கைக்குக் காசு வர ஆறு மாதம் ஆகலாம். கெட்ட காலத்தில் இரண்டு ஆண்டும் ஆகலாம். எல்லோருக்கும் ஒரே நேரத்தில் பணம் தேவைப்படும் காலத்தையே கெட்ட காலம் என்கிறோம். அப்போது எல்லோரும் விற்பவர்கள்.

இதுவரை சொன்னது கொழும்புக் கணக்கு. வடக்கே போனால் கணக்குக்கு முன்னர் உறுதியைப் பார்க்க வேண்டும். 2009 க்குப் பின் ஏ9 வீதி திறந்து, வெளிநாட்டிலுள்ளோர் வந்துபோகத் தொடங்கியதும், யாழ்ப்பாணத்தில் பரப்புக் கணக்கில் விலை ஏறிய விதம் பலரை மயக்கிற்று. 16 பரப்பு ஒரு ஏக்கர். ஒரு பரப்பு 10 பேர்ச். அந்தப் பத்துப் பேர்ச்சுக்குள் எத்தனை உரித்தாளர்கள் ஒளிந்திருக்கிறார்கள் என்பதே புதியவர் அறியாத செய்தி. பாட்டனார் முதுசமாக விட்ட வளவு, ஏழு பிள்ளைகள், இருவர் இறந்துவிட்டனர், அவர்களின் பிள்ளைகள் நோர்வேயிலும் அவுஸ்திரேலியாவிலும். ஊரிலுள்ள ஒருவர் மட்டும் "எல்லாம் என்னுடையதுதான்" என்கிறார். அவர் கையில் இருப்பது பிரிபடாத ஏழிலொரு பங்கு.

தேசவழமையின் கீழ் வரும் காணியில் இணை உரித்தாளருக்கும் விற்பவரின் வாரிசாக வரக்கூடியவருக்கும் முன்வாங்கும் உரிமை உண்டு. 1947 ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம் அதற்கென்றே இருக்கிறது. அவர்களுக்கு முறைப்படி அறிவிக்காமல் வாங்கினால் பின்னர் வழக்கு வரலாம். தேடியதேட்டமாயின் கணவன் மனைவி இருவரின் உரிமையையும் பார்க்க வேண்டும். மனைவியின் பெயரிலுள்ள காணிக்குக் கணவனின் எழுத்துமூலச் சம்மதத்தை 1911 ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம் கேட்கிறது. அது நியாயமானதா என்பது வேறு கேள்வி; நியாயமில்லை என்பதே என் கருத்து. ஆனால் சம்மதமின்றி எழுதிய உறுதியோடு நீதிமன்றம் ஏறுபவர் வாங்கியவர்தான். நன்கொடை உறுதி வழியாக வந்த காணியென்றால் வங்கிகள் தயங்கும். சீவிய உரித்து யாருக்கேனும் ஒதுக்கப்பட்டிருந்தால், அந்த முதியவர் இருக்கும்வரை காணி வாங்கியவரின் கைக்கு வாராது.

வன்னிக்குப் போனால் கதை இன்னும் வேறு. கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் பெரும் பரப்பு அனுமதிப்பத்திரக் காணி. 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வழங்கப்பட்டது. அனுமதிப்பத்திரம் உள்ளவர் தம் விருப்பம்போல் யாருக்கும் விற்க முடியாது. பிரதேச செயலகம் அறியாமல் ஒரு வெள்ளைத் தாளில் எழுதிக் கையொப்பமிட்டு இலட்சங்களைக் கைமாற்றுவோர் இன்றும் உளர். "ஊரில் எல்லோரும் இப்படித்தான் வாங்குகிறார்கள்" என்பார்கள். எல்லோரும் அப்படித்தான் வாங்குகிறார்கள். எவரும் உரிமையாளர் ஆவதில்லை. அசையா ஆதனம் கைமாற வேண்டுமாயின் நொத்தாரிசு முன்னிலையில், இரு சாட்சிகளுடன் எழுதப்பட வேண்டும் என்று சட்டம் சொல்லத் தொடங்கியது 1840 இல். அரச காணியில் அதுவும் போதாது.

வாங்கிவிட்டுப் பாராமல் விடுவது இன்னொரு ஆபத்து. பத்தாண்டுகள் தடையின்றி எதிரிடையாக ஆண்டவருக்கு உரிமை கோர வழிவிடும் ஆட்சியுரிமைக் கட்டளைச் சட்டம் 1871 முதல் இங்குண்டு. யுத்த காலத்தில் தம் காணிக்குத் திரும்ப முடியாதவர்களுக்காக 2016 இல் விசேட ஏற்பாடுகளுடன் ஒரு சட்டம் வந்தது. ஆனால் 2009 மே மாதத்துக்குப் பிந்திய கவலையீனத்துக்கு அச்சட்டத்தில் நிழல் இல்லை. ரொறன்ரோவிலிருந்து கொண்டு ஊரில் காணி வைத்திருப்பவர் ஆண்டுக்கொரு முறையேனும் வந்து பார்க்காவிட்டால், பக்கத்து வளவின் வேலி நடக்கப் பழகிவிடும்.

வெளிநாட்டுக் குடியுரிமை பெற்றவர்கள் இன்னொன்றையும் அறிந்திருக்க வேண்டும். 2014 ஆம் ஆண்டின் 38 ஆம் இலக்கச் சட்டத்தின்படி வெளிநாட்டவர் பெயருக்குக் காணியை அறுதியாக எழுத முடியாது. இரட்டைக் குடியுரிமை உடையவர்களுக்கு விலக்குண்டு. தொடர்மாடியில் 4 ஆம் மாடியிலும் அதற்கு மேலும் உள்ள வீடுகளுக்கும் விலக்குண்டு. இந்த விலக்குகளுள் அடங்காதவர்கள் என்ன செய்கிறார்கள்? அண்ணன் பெயரில், மருமகன் பெயரில் வாங்குகிறார்கள். பணம் போட்டவர் இலண்டனில். பெயர் உள்ளவர் கொக்குவிலில். முதல் ஐந்து ஆண்டுகள் நன்றாகவே போகும். பின்னர் அண்ணனுக்கு மகளின் திருமணம் வரும். அண்ணன் கெட்டவர் என்று நான் சொல்லவில்லை. சட்டத்தின் கண்ணுக்கு அவர்தான் உரிமையாளர் என்று சொல்கிறேன்.

தொடர்மாடி வாங்குவோரும் உறுதி விடயத்தில் கண்மூடி இருக்க முடியாது. கட்டடத்துக்கு இணக்கச் சான்றிதழ் கிடைத்ததா, 1973 ஆம் ஆண்டின் சட்டப்படி கூட்டாதனத் திட்டப்படம் பதிவு செய்யப்பட்டதா என்று கேட்டால் விற்பனைப் பிரிவிலுள்ள இளைஞர் புன்னகைத்து வண்ணப் பிரசுரம் ஒன்றைக் கையில் தருவார். அத்திவாரக் குழியை மட்டும் காட்டி முற்பணம் வாங்கும் திட்டங்களில் விலை குறைவு. குறைவதற்குக் காரணமுண்டு. கட்டி முடிக்கப்படாமற் போகும் அபாயத்தை வாங்குபவர் தம் தோளில் சுமக்கிறார். 2022 இல் சீமெந்தும் இரும்பும் ஏறிய ஏற்றத்தில் அந்த அபாயம் எத்தகையது என்பது தெரிந்தது.

அடுத்தது "வரப்போகிறது" வியாபாரம். அதிவேக வீதி வரப்போகிறது, விமான நிலையம் வரப்போகிறது, பல்கலைக்கழக வளாகம் வரப்போகிறது. காணித் துண்டு விற்கும் விளம்பரங்களில் எதிர்காலம் எப்போதும் 5 நிமிடத் தூரத்தில் இருக்கும். மத்திய அதிவேக வீதியைப் பாருங்கள். மீரிகமவிலிருந்து குருநாகல் வரையான பகுதி 2022 ஜனவரியில் திறக்கப்பட்டது. அதனைக் கொழும்புப் பக்கத்துடன் இணைக்க வேண்டிய கடவத்தை மீரிகம பகுதி, நாடு கடனைக் கட்ட முடியாமற்போன அதே ஆண்டில் நின்றுபோய், 2025 இல்தான் மீளத் தொடங்கியது. நுழைவாயில் வரும் என்று சொல்லப்பட்ட இடத்தில் முதலே காணி வாங்கியவர்கள் பாதி அமைந்த தூண்களைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தார்கள். யாழ்ப்பாணச் சர்வதேச விமான நிலையம் 2019 ஒக்டோபரில் திறக்கப்பட்டது. ஆறு மாதத்துக்குள் கொரோனா வந்து விமானங்கள் நின்றன. பாதை வராது என்று நான் சொல்லவில்லை. பாதையின் விலையை விற்பவர் ஏற்கெனவே கூட்டிவிட்டார்; பாதை வந்தால் அவருக்கு இலாபம், வராவிட்டால் வாங்கியவருக்கு நட்டம்.

நிரப்பிய வயலைப் பற்றியும் ஒரு வார்த்தை. கொழும்பைச் சூழ்ந்த தாழ்நிலங்களில் "வங்கிக் கடன் வசதியுடன் 6 பேர்ச் துண்டுகள்" என்று வரும் காணிகளிற் சில பழைய நெல்வயல்கள், சதுப்புகள். வயலை நிரப்ப 2000 ஆம் ஆண்டின் கமநல அபிவிருத்திச் சட்டத்தின் கீழ் அனுமதி வேண்டும். அதைப் பார்க்காதவர்கள் மழைக்காலத்தில் ஒரு முறை அவ்விடத்துக்குப் போய் வருவது நல்லது. 2025 நவம்பர் இறுதியில் டிட்வா சூறாவளி கொண்டுவந்த வெள்ளத்தின்போது களனி ஆற்றங்கரையில் எந்த வீதி எவ்வளவு ஆழத்தில் நின்றது என்பதை அவ்வூர்த் தேநீர்க் கடைக்காரர் ஒருவரே சுவரில் கைவைத்துக் காட்டுவார். மலையகத்தில் மலிவாகக் கிடைக்கும் சரிவு நிலங்களுக்கும் இது பொருந்தும். நில அளவைப் படத்தில் மண்சரிவு தெரியாது.

அப்படியாயின் வாங்கவே கூடாதா என்று கேட்பார்கள். வாங்கலாம். பத்து ஆண்டுகளுக்குத் தேவைப்படாத பணம் என்றால் வாங்கலாம். பணவீக்கத்துக்கு ஈடுகொடுத்து, அதற்கு மேல் ஆண்டுக்கு ஒன்று இரண்டு வீதம் கிடைத்தால் அது நல்ல விளைச்சல் என்று மனத்தைத் தயார்ப்படுத்திக்கொண்டவர் வாங்கலாம். வாடகையை நம்பிக் கடன் எடுக்காமல், ஆறு மாதம் வாடகை வராவிட்டாலும் தவணை கட்டக்கூடியவர் வாங்கலாம். ஓய்வுபெற்றவர் தம் கையிலுள்ள முழுத் தொகையையும் ஒரே காணியில் போடுவது மட்டும் என்னளவில் ஏற்றுக்கொள்ள முடியாதது. 60 வயதுக்குப் பின் மனிதனுக்குத் தேவைப்படுவது மாதா மாதம் வரும் காசு. வெறுங்காணி அதைத் தராது. மாறாக வேலிக்குக் காசு கேட்கும். மாதம் ஒரு முறையேனும் பேருந்தில் போய்ப் பார்த்து வரக்கூடிய தூரத்தில் முதற் காணி இருக்கட்டும் என்பேன். இதைச் சொன்னால் இளைஞர்கள் சிரிக்கிறார்கள். கைத்தொலைபேசியில் செய்மதிப் படம் பார்க்கலாமே என்கிறார்கள். வேலிக் கட்டை அரை அடி நகர்ந்ததைச் செய்மதி சொல்லாது.

விலை பேசுமுன் உறுதியைச் சுதந்திரமான ஒரு சட்டத்தரணியிடம் காட்ட வேண்டும். விற்பவர் அழைத்து வருபவரிடம் அல்ல. காணிப் பதிவகத்தில் குறைந்தது 30 ஆண்டுப் பதிவுகளைத் தேட வேண்டும் என்பது நம் நாட்டு வழக்கம். வடக்கில் பதிவேடுகள் சில யுத்தத்தில் சிதைந்திருப்பதால் அதற்கு மேலும் பொறுமை வேண்டும். இதற்குச் செலவாகும் சில பத்தாயிரங்களைச் சேமிக்க முனைவது, நானறிய, கோடி ரூபாவுக்குப் பேரம் பேசுவோரிடமே அதிகம் காணப்படும் சிக்கனம்.

அண்மையில் என்னிடம் வந்த கணினித்துறை இளைஞர் ஒருவர் மேற்சொன்னவற்றையெல்லாம் பொறுமையாகக் கேட்டார். நல்லூர்ப் பக்கம் நாலு பரப்புக் காணி, 80 இலட்சம் முற்பணம் தயாராக இருந்தது. உறுதியின் பிரதியைச் சட்டத்தரணியிடம் கொடுத்தார். மூன்று உரித்தாளர்களின் கையொப்பம் இல்லை என்று தெரியவந்தது. அவர்களுள் ஒருவர் பிரான்சில், முகவரி யாருக்கும் தெரியாது. அற்றோர்ணித் தத்துவம் வருவிக்கலாம் என்று தரகர் உறுதி கூறியிருக்கிறார். அது ஐந்து வாரங்களுக்கு முன்னர். அதற்குப் பின் தரகர் நாள்தோறும் காலையில் தொலைபேசி எடுத்து, இன்னொருவர் முழுப் பணத்துடன் வாசலில் நிற்கிறார், நாளைக்குள் முடிவு சொல்லுங்கள் என்கிறாராம். அந்த இன்னொருவர் இன்றும் வாசலில்தான் நிற்கிறார்.